கல்லுக் கறுப்பு

"பொம்பளப் புள்ளைக்கு லைட்டர் கடையில இன்னா வேல?"

போன வாரம் சின்னசாமி இப்படித்தான் கேட்டார். கவிப்பிரியா குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை லைட்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

"அம்பத்தூர் பட்டறையில நானே லேத்துல கடைஞ்சது பாப்பா. பத்த மாட்டேங்குது." வலது கட்டைவிரலை நீட்டினார். "இந்த வெரலப் பாத்தே எம் பொஞ்சாதி, இன்னிக்கும் பீடியான்னு புடிச்சிடுவா. சக்கரத்த உருட்டி பொறிக் கல்ல ஒரசுனா கல்லுக் கறுப்பு ஒட்டிக்கும். சோப்புக்கும் போவாது."

பட்டாபிராம் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த அந்தக் கடையில் சரவணக்குமார் பழைய பெட்ரோல் லைட்டர்களைச் சரிசெய்து, போனில் படம் போட்டு விற்றுவந்தார். கவிப்பிரியாவுக்கு அங்கே பாலிஷ் போடும் வேலைதான். ரிப்பேர் பார்த்த ஜேம்ஸ் நின்றுபோனதும் அவர் சொல்லியிருந்தார்: "இந்தப் பித்தளைய எரிய வெச்சிடு. அவன் டேபிள் உனக்கு."

அந்த டேபிளுக்கு விளக்கும், சாமானை இறுக்கிப் பிடிக்கும் குட்டி வைஸும் இருந்தன. பாலிஷ் மூலையில் நின்றுகொண்டு அவள் அதைப் பார்த்த பார்வை அவளுக்குத்தான் தெரியும்.

இன்று காலை லைட்டரின் அடித்திருகைக் கழற்றினாள். பழைய கல் ஊறி உப்பி, குழாய்க்குள் சிமெண்டாய் இறுகிக் கிடந்தது. இடித்தால் குழாய் பிளந்துவிடும். மெல்லிய டிரில் முனையை விரலாலேயே திருகினாள். சாம்பல் பொடி உதிர்ந்தது. கடைசித் துணுக்கு விழுந்ததும் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் தெரிந்தது. பல்துலக்கும் பிரஷால் சக்கரத்தின் பற்களைத் தேய்த்தாள். புதுப் பஞ்சு, புதுத் திரி, புதுக் கல், ஸ்பிரிங், நாலு சொட்டு பெட்ரோல். கையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு உருட்டினாள்.

ஒன்றுமில்லை. மறுபடி. பொறி. மறுபடி.

குப்பென்று மஞ்சளாய் நின்றது சுடர்.

"அண்ணா, எரியுது!" அவள் குரலை அவளே அப்போதுதான் கேட்டாள்.

ஓடிவந்த சரவணக்குமார் வீடியோ எடுத்தார். "இன்னொருக்கா. இன்னொருக்கா." அவள் உருட்டிக்கொண்டே இருந்தாள், சுடர் வந்துகொண்டே இருந்தது. வீடியோவை யாருக்கோ அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஏற்கெனவே படம் போட்டு வெச்சிருந்தேன். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் உடனே வேணுங்கறான்."

"அண்ணா, அது அவரோடது..."

படியில் செருப்புச் சத்தம். சின்னசாமி.

"கீழ வை," என்றார் சரவணக்குமார் மெதுவாக. அவள் இடது கைக்குள் லைட்டரை மூடிக்கொண்டாள்.

"இன்னா தம்பி, ஆச்சா?"

"போச்சு பெரியவரே. குழா பொளந்துக்கிச்சு. பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இந்தா, புது கேஸ் லைட்டர், சும்மாவே வெச்சுக்க."

"பொளந்ததையாவது குடுப்பா. நான் கடைஞ்சது."

"அதான் போட்டாச்சுன்றேனே. நம்பலேன்னா இவளக் கேளு. இன்னியிலேர்ந்து ரிப்பேர் டேபிள் இவளுதுதான்."

அந்த வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள். மேசை விளிம்பை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு பாப்பா. நெசமா போச்சா?"

இடது உள்ளங்கையில் பித்தளை இன்னும் சுட்டது. ஆமென்று தலையாட்டினாள்.

சின்னசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் கறுத்துக் கிடந்த அவள் கட்டைவிரலைப் பார்த்தார். மூக்கு லேசாக விடைத்தது; கடை முழுக்கப் புதுப் பெட்ரோல் வாசம். கேஸ் லைட்டரை ஒற்றை விரலால் சரவணக்குமார் பக்கம் தள்ளினார். அவள் விரலை மடக்கிக்கொள்ளும்வரை நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.