சொட்டா மூக்கு

"சொட்டு இல்லீங்க, சொட்டா. டா. டாக்டருக்கு வருமே, அந்த டா."

"அப்பா டாக்டரா மேடம்?"

"இல்லீங்க, எழுத்தச் சொன்னேன். சொட்டா மூக்கு."

"மூக்குன்னா... காது, மூக்கு, தொண்டையா?"

மகள் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் நின்றுகொண்டு, சோபா இடுக்கில் கைவிட்டு அப்பாவின் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தாள். பெட்டியை மூடுமுன் போட்டுவிட வேண்டும், கொண்டுவாருங்கள் என்று அமரர் ஊர்திக்காரர் சொல்லியிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவே இருந்த போனில், ஆய்வு நிலைய இயக்குநரின் உதவியாளர்.

"கெட்டில் மூக்குங்க! டீ ஊத்தி நிமித்தினா சொட்டாத மூக்கு. அதச் செஞ்சது எங்கப்பா. அந்த ஒரு வரிய மட்டும் ஐயாவோட இரங்கல் பேச்சுல சேத்துருங்க."

"சேத்தாச்சுன்னே வச்சுக்குங்க."

சேர்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கண்ணாடி. "பழைய கெட்டிலுக்குள்ள கெடந்துச்சு. பேருதான் கண்டுபிடிப்பாளர். கண்ணாடியக் கண்டுபிடிக்க மட்டும் கடைசி வரைக்கும் நான் வேணும்." பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்பதுபோல் சொன்னாள். பக்கத்து அறையில் யாருமில்லை.

முப்பத்தொரு வருடம் அந்த ஆய்வு நிலையத்தில் இருந்தார் மனிதர். அதில் பதினோரு வருடம் மூக்குக்கே போனது. கெட்டிலைச் சாய்ப்பார், நிமிர்த்துவார், கீழே விரித்த தாளில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதுவார். மறுநாள் மூக்கின் உதட்டை அரைமயிரளவு அராவுவார். மறுபடி வட்டம். ஒருநாள் சாயங்காலம் ஒரு தாளைச் சுருட்டிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் விரித்தார். தேதி மட்டும் இருந்தது, வட்டம் இல்லை.

"வெறும் தாளக் காட்டவா இவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா.

காப்புரிமைப் பத்திரத்தில் அப்போதைய இயக்குநரின் பெயர் ஏறியது. கெட்டில்கள் உலகமெங்கும் ஓடின. மேஜை விரிப்புகள் காய்ந்து கிடந்தன. விழாத சொட்டை யார் கவனிக்கப்போகிறார்கள்? அப்பா அதற்காக மூக்கால் அழுததில்லை. "ஆப்பிள் விழுந்தவருக்குப் பேரு கெடச்சுது. இங்க ஒண்ணுமே விழலியே, அப்புறம் எப்படி?" என்பார்.

போன வாரம், ஆஸ்பத்திரியில், நர்ஸ் தண்ணீர் ஊற்றிய கூஜாவின் மூக்கை அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்முது" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். நர்ஸ் குறிப்பேட்டில் 'உளறல்' என்று எழுதிக்கொண்டாள். மகளுக்கு இன்று வேண்டியது இவ்வளவுதான்: அது உளறல் இல்லை என்று யாராவது ஒருவர், நாலு பேர் கேட்க, ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

நிலையத்தின் கூட்ட அறையில் பெட்டியை வைத்திருந்தார்கள். இயக்குநர் எழுந்து மைக்கைத் தட்டினார். அது வேலை செய்தது. இருந்தாலும் இன்னொரு தடவை தட்டினார்.

"இருளை ஒருவர் விரட்டினார்! கிருமியை ஒருவர் விரட்டினார்!"

ஆப்பிள் விழுந்தவர் வந்தார். குளித்த ஈரத்தோடு தெருவில் ஓடியவர் வந்தார். பூஞ்சை பிடித்த தட்டைக் கழுவாமல் விட்டவர் வந்தார். நீராவிக்காரர், தடுப்பூசிக்காரர், தொலைபேசிக்காரர் என்று மனிதகுலத்துக்கு நல்லது செய்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தார்கள், பெட்டிக்குள் இருந்தவரைத் தவிர. மகள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு காத்திருந்தாள். இருபது நிமிடம் கழித்து இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"அந்த மாமேதைகளின் வரிசையிலே நம் அன்பர், சொட்டு... சொட்டு நீர்ப் பாசனத்திலே ஆற்றிய தொண்டினால், வறண்ட நிலங்களெல்லாம் இன்று பச்சைப் பசேலென்று..."

கைதட்டினார்கள். இரங்கல் கூட்டம் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினார்கள்.

வீட்டிலிருந்த ஒரே தொட்டிச் செடியைத் தண்ணீர் ஊற்ற மறந்தே கொன்றவர் அப்பா. மகள் பாதி எழுந்துவிட்டாள். அம்மாவின் கை அவள் முந்தானையைப் பிடித்தது.

"உக்காரு."

"பாசனமாம்மா!"

"உங்கப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு."

"எனக்குச் சிரிப்பு வரல."

அம்மா முந்தானையை விடவில்லை.

கூட்டம் முடிந்ததும் மேஜையில் டீ வைத்தார்கள். ஊற்ற ஆளில்லை. மகளே கெட்டிலை எடுத்தாள். இயக்குநர் நேராக அவளிடம் வந்தார்.

"பேச்சு எப்படிம்மா? எல்லாரும் உருகிட்டாங்க."

"சார், பாசனம் இல்ல சார். சொட்டாத மூக்கு. கெட்டிலுக்கு."

"அட, அதையும் செஞ்சாரா! பன்முகத் திறமைம்மா! நினைவு மலர்ல ரெண்டையுமே போட்டுருவோம்."

"சார், ரெண்டு இல்ல. ஒண்ணுதான்..."

"இந்த அடக்கம் அப்படியே அப்பாகிட்ட இருந்து வந்தது, பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, பேச்சுத் தாளைத் தட்டுபோல் அடியில் பிடித்து, அதன்மேல் கோப்பையை வைத்து நீட்டினார். மேலாக இருந்தது அந்தப் பக்கம்தான். 'பாசனத்திலே' என்ற சொல் கோப்பையின் ஓரத்தில் தெரிந்தது.

அவள் ஊற்றினாள். நிரம்பியதும் மூக்கை நகர்த்தி, அந்தச் சொல்லுக்கு நேர்மேலே கொண்டுவந்து நிமிர்த்தினாள். ஒரு கெட்டில் சொட்ட வேண்டும் என்று அவள் காத்திருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

நுனியில் ஒரு துளி திரண்டது. கனத்தது. நடுங்கியது. பிறகு உதட்டின் வளைவில் மெல்ல ஏறி, உள்ளே போய்விட்டது.

தாளில் வட்டம் போட ஒன்றுமில்லை.