பிஸ்கட் டின்னில் மிச்சம் வைத்தவை

1
இந்தக் கதை என் பழைய கதை ஒன்றின் தவறிலிருந்து வந்தது. அதில் கணவன், காய்ச்சல் விட்டதும், கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளில் பாதியை மனைவிக்காக பிஸ்கட் டின்னில் எடுத்துவைப்பான். அதை அன்பு என்று எழுதினேன். வாசகிகள் அழுதார்கள். (அந்த டின் என் வீட்டிலும் உண்டு.)

2
மலேசியாவின் திகாம் பத்துவில், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குணாளன் காலையில் இரண்டு கோப்பை தேநீர் கலக்கி, ஒன்றை...

இல்லை. ஒரு கோப்பைதான். மனைவி உமாராணி நான்கு நாளாக டவுன் ஆஸ்பத்திரியில். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் இறங்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லாமல் அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான்.

3
நேற்று உமாராணியின் வார்டில் டாக்டர் அனீசா அவனிடம் சொன்னார்:

"அண்ணே, கிருமியோட தோல்ல குட்டிக் குட்டி பம்ப் இருக்கு. மருந்து உள்ள போனா வெளிய தள்ளிடும்."

"நம்ம வீட்டுத் தண்ணி பம்ப் மாதிரியா, டாக்டர்?"

"அதேதான்லா. அரைகுறையா மருந்து சாப்பிட்டா, பம்ப் அதிகமா உள்ள கிருமிதான் தப்பிச்சுப் பெருகும். டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். அதுக்கு முன்ன சரியான மருந்து போடணும். இங்க வர்றதுக்கு முன்ன வீட்ல அக்கா என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

குணாளன் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து உமாராணி முந்திக்கொண்டாள்: "ஒன்னும் சாப்பிடல, டாக்டர்."

காய்ச்சல் தொடங்கியதும் அவன் பிஸ்கட் டின்னில் மிச்சம் வைத்திருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தான். அவனுக்குத் திட்டு விழக்கூடாதாம். அவனும் தலையாட்டினான்.

('அவன் நெஞ்சிலும் ஒரு பம்ப்' என்று எழுதி அடித்துவிட்டேன். அழகாக இருந்தது, பொய்.)

4
இன்று அவன் டின்னைத் திறந்தான். தான் வைத்த மாத்திரை அட்டைகளுக்கு அடியில், ரப்பர் போட்ட இன்னொரு கட்டு. போன வருடம் கிளினிக்கில் அவளுக்குக் கொடுத்தவை, பாதி தின்றுவிட்டு அவள் மிச்சம் வைத்தவை. மேலே அவள் கையெழுத்தில்: 'அவருக்கு'.

முடிவு ஒன்று: சொல்கிறான், மருந்து மாறுகிறது, அவள் வீடு திரும்புகிறாள். என் வழக்கமான முடிவு.

முடிவு இரண்டு: அவன் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறான், அவள்... என்னால் எழுத முடியவில்லை.

5
பன்னிரண்டரை மணி, பார்வையாளர் நேரம். வார்டு வாசல் பெஞ்சில் குணாளன், மடியில் டின். டாக்டர் வருகிறார்.

"டாக்டர், இது வந்து..."

மீதியை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் இந்த ஒன்றையாவது பாதியில் விடாதீர்கள்.