சாய்ந்து விழுந்த வெயில்

டிசம்பர் இருபத்தொன்று. வானம் தெளிவு; கடுங்குளிர்; வெயில் இருந்தது, சூடு இல்லை.

கடல் கடந்து குடியேறிய நகரில், சலவை நிலையத்தின் மொட்டைமாடியில் சூரியத் தகடு பொருத்துநர் மீண்டும் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிலையம் அவருடைய அக்காவுக்கு உரியது. "எங்க போனாலும் ஒரே சூரியன்தானே அக்கா" என்று தம்பி கோடையில் அடித்துச் சொன்னதை நம்பி, அக்கா பழைய கொதிகலனை விற்றுவிட்டு, நீரைச் சூடாக்கும் சூரியத் தகடுகளை வாங்கினார். கோடை முழுவதும் குறையேதும் இல்லை. இப்பொழுதோ தொட்டி நீர் வெதுவெதுப்பைத் தாண்ட மறுத்தது. மருத்துவமனை விரிப்புகள் மாலைக்குள் வெந்நீரில் வெளுக்கப்படாவிடில் ஒப்பந்தம் கைநழுவும்.

கீழிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "டேய், துடைச்சுத் துடைச்சு தகடே தேஞ்சுடப் போகுது! இந்தத் தண்ணி பச்சப்புள்ளயக் குளிப்பாட்டத்தான் ஆகும்!"

"சூடு வருதுக்கா, வருது."

"எனக்குத் தலவலிதான் வருது."

ஏணியில் ஏறி வந்த மனைவி, "ஏங்க, உச்சிவேளைதானே இப்ப? என் நிழலப் பாருங்க, பக்கத்துச் சுவர் வரைக்கும் ஓடுது. நம்ம ஊர்ல காலடியிலயே கிடக்குமே" என்றார்.

பொருத்துநரின் கை ஓய்ந்தது. பிறந்த ஊரில் நண்பகல் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலே நிற்கும்; ஆகவே தகடுகளைப் படுக்கவைத்தே பழகியவர் அவர். பூமியோ உருண்டை, அதன் அச்சும் சாய்ந்தது. எனவே வடக்கே வரவர, குளிர்காலத்தில் நிலம் சூரியனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே ஒரு பாயளவு இடத்தில் குவியும் வெப்பத்தை, சாய்ந்து விழும் கதிர் இங்கே ஒரு கூடம் முழுவதும் பரப்பிவிடுகிறது. காற்றினூடே நெடுந்தூரம் வருவதால் வழியிலேயே களைத்தும் விடுகிறது, அவரைப் போலவே.

"அழுக்கில்லடி, சாய்வு. முட்டாப்பய நான்."

"அத அப்புறம் பேசிக்கலாம். ஸ்பேனர எடுங்க."

இருவரும் தகடுகளைத் தெற்கு நோக்கிச் சுவர்போல் நிமிர்த்தினர். ஆனால் முன்வரிசையின் நிழல் பின்வரிசைகளை மூடிக்கொண்டது. ஒரு வரிசை தந்த சூட்டில் விரிப்புகளில் பாதி வெளுத்தது. மீதிக்குச் சூரியன் காத்திருக்கவில்லை.

மருத்துவமனையோடு பேசி முடித்து அக்கா தொலைபேசியை வைத்தார். "மிச்சத்த அழுக்காவே அவங்க வண்டில ஏத்திவிடு. இனி நமக்குப் பாதி வேலைதானாம். பாதியாவது விட்டாங்களே. கீழ வா, ஏதாச்சும் சாப்பிடு."

தம்பி மூட்டைகளைச் சுமந்தார். கடைசி மூட்டை ஏறி, வண்டியின் கதவு சாத்தப்பட்டபோது சூரியன் மறைந்தது; பிற்பகல் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.