புளியில் கழுவிய திரி

வெள்ளிக்கிழமை காலை சாமி விளக்குகளைத் துடைத்து வைத்தபோது புஷ்பலதா அந்த நான்கு திரிகளையும் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தாள். நான்கும் பளபளத்தன.

அவை அவள் கணவன் உடையப்பன் சிகரெட்டுக்குப் பதில் ஆவி இழுக்கும் வேப் கருவிக்கான திரிகள். பஞ்சுத் திரி இல்லை. மெல்லிய எஃகு வலையைச் சுருட்டிச் செய்தவை. சுண்டு விரலில் பாதி நீளம். லாரி ஓட்டும்போது பஞ்சு காய்ந்து கருகித் தொண்டையை எரித்ததால் வலைக்கு மாறியிருந்தான். கடையில் விற்கும் ஆயத்தக் குப்பிகள் அவனுக்குப் பிடிக்கவில்லை. மிட்டாய் வாசமாம்.

நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்தபின் ரோக்கோக், அதாவது சிகரெட், பிடிப்பதை விட்டான். அதற்குமுன் தினம் முப்பது பிடித்தவன். விட்டு அறுபத்தொரு நாள் ஆகிறது. நாட்காட்டியில் தினமும் ஒரு புள்ளி வைப்பவள் புஷ்பலதாதான்.

அவன் தட்டைப் பார்த்தான்.

"கழுவிட்டியா?"

"ராத்திரியே விளக்கோட புளியில ஊறப்போட்டேன். காலையில பிரிச்சு, கம்பி நாரால தேச்சு, திரும்பச் சுருட்டி வச்சேன். எவ்ளோ கரி தெரியுமா? அதையா வாயில வச்சு இழுக்கறீங்க?"

உடையப்பன் ஒரு திரியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"நல்லா இருக்கு," என்றான்.

மேசையில் உட்கார்ந்து அதைக் கருவியின் துளையில் இறக்கி, மெல்லிய கம்பியைச் சுற்றி, பொத்தானை அழுத்தினான். ஓர் இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி. மற்ற சுற்றுகள் இருண்டே கிடந்தன. அடுத்த திரியைப் போட்டான். அதே புள்ளி. கருவியை மூடி குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்தான்.

"கொண்டு போகலையா?"

"இன்னிக்கு ஒருநாள் இல்லாம இருந்து பாக்கறேன்."

"லூமுட் வரைக்கும் லாரி ஓட்டிட்டுப் போறீங்க."

"போனா என்ன? ரொம்ப முடியலனா இங்கேயே தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டுரு. பஸ் காசுகூட இல்ல, நடந்தே போயிரலாம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். வாசலில் காலணி மாட்டும்போது அவன் கை சட்டைப் பையைத் தொட்டது. பழைய சிகரெட் பெட்டி இருந்த இடம். தொட்டது அவனுக்கே தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு நின்றது.

அவன் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் ஷர்வினுக்கு வீடியோவில் அழைத்தாள். ஈப்போவில் வேப் கடை வைத்திருப்பவன். உடையப்பனுக்கு அந்தக் கருவியை விற்றவன். அவள் விளக்குகளின் பக்கத்திலிருந்த தட்டைக் காட்டினாள்.

"அக்கா, இது புதுசா?"

"பழசுதான். புளி போட்டுக் கழுவுனேன்."

ஷர்வின் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தான். பிறகு திரை ஆடியது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்காதலா. என்ன ஆச்சுன்னு சொல்லு."

"அக்கா, அந்தக் கருப்பு அழுக்கு இல்ல. அதுதான் வலைக்குச் சட்டை. நெருப்புல காட்டிக் காட்டி அண்ணன்தான் ஏத்துனாரு. சட்டை இல்லனா கரண்டு கம்பியில நிக்காம வலைக்குள்ள பூந்துரும். ஒரு புள்ளி மட்டும் சிவந்துச்சா?"

"ஆமா."

"அதான்."

போன ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் பின்கட்டில் நெருப்பு சீறும் ஒரு குழலைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. சாப்பிட மூன்று முறை கூப்பிட்டிருந்தாள்.

"அவரு ஒன்னுமே சொல்லலையே ஷர்வின். நல்லா இருக்குன்னாரு."

"வேற என்ன சொல்வாரு? நீங்க சாமி விளக்கு பக்கத்துல வச்சிருக்கீங்க."

"லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும்னு தெரியுமா உனக்கு? பத்தரை. இப்ப எட்டே முக்கால். சொல்லு, என்ன செய்யணும்?"

உடையப்பனின் நெருப்புக் குழலில் எரிவாயு தீர்ந்திருந்தது. சமையலறை அடுப்பே போதும் என்றான் ஷர்வின். கைபேசியை மாவு டின்னில் சாய்த்து வைத்தாள். ஒரு திரியைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, நீலச் சுவாலையில் காட்டினாள். வலை சிவந்தது. தண்ணீரில் போட்டாள். மறுபடி காட்டினாள். முதலில் பொன்னிறம் வந்தது. பிறகு நீலம். ஏழாவது முறை கருப்பு.

அவள் ரவிக்கை தைப்பவள். மெல்லிய துணியின் ஓரத்தை விரலால் சுருட்டித் தைக்கத் தெரியும். வலையை ஊசியின்மேல் அப்படித்தான் சுருட்டினாள். முதல் தடவை நசுங்கியது. பிரித்துத் திரும்பச் சுருட்டினாள்.

"அக்கா, கை சூப்பர். இப்ப கம்பி."

பெட்டியின்மேல் இருந்த கருவியை எடுத்து, திரியைத் துளையில் இறக்கி, கம்பியைச் சுற்றினாள்.

"இறுக்காதீங்க. கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு. வளையல் மாதிரி இருக்கணும். தொடணும், புடிக்கக் கூடாது. இதெல்லாம் குடும்பம் நடத்துற மாதிரி."

"உனக்கு இன்னும் பொண்ணே கெடைக்கல. நீ பேசு."

கடையில் யாரோ சிரிப்பது கேட்டது.

கம்பியின் இரண்டு முனைகளையும் கருவியின் திருகாணியில் கட்டினாள். அழுத்தினாள். அடியில் ஒரு புள்ளி. ஷர்வின் சொன்னபடி அந்தச் சுற்றைத் திருப்புளி நுனியால் மெல்ல நகர்த்தினாள். அழுத்தினாள். மேலே ஒரு புள்ளி. நகர்த்தினாள். மணி ஒன்பதே முக்கால். மறுபடி அழுத்தியபோது நடுவிலிருந்து சிவப்பு இரண்டு பக்கமும் சமமாகப் பரவியது. அவள் விரலை எடுக்க மறந்தாள்.

"அக்கா, போதும்லா! எடுங்க!"

அவளிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. கருவியைக் கைக்குட்டையில் சுற்றி, ரவிக்கைத் துணிகள் கொண்டுபோகும் பையில் வைத்தாள். லாரி நிறுத்துமிடம் இருக்கும் செமோருக்குக் குறுக்குப் பாதையில் போனாள். முன்பு ரப்பர் மரங்கள் நின்ற இடம். இப்போது இருபுறமும் எண்ணெய் தரும் செம்பனை மரங்கள். பழம் ஏற்றிய ஒரு லாரி முன்னால் ஊர்ந்தது. அவள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

லாரி நிறுத்துமிடத்தில் தரை ஓடுகளை ஏற்றி முடித்திருந்தார்கள். உடையப்பன் தன் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கிடையில் ஒரு ரோக்கோக். மற்றொரு கையில் லைட்டர்.

அவளைப் பார்த்தான். மறைக்கவில்லை.

"பக்கத்து லாரி யேசுதாசன் குடுத்தான்," என்றான். "பத்த வைக்கல."

"பாத்தேன்."

"இருபது நிமிஷமா வச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது."

அவள் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள். அவன் லைட்டரைப் படியில் வைத்துவிட்டு வாங்கினான். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். திரி கருப்பாக இருந்தது. கண்ணருகே கொண்டுபோய் எண்ணினான்.

"யாரு செஞ்சா?"

"நான்தான்."

"ஆறு சுத்து இருக்கு. அஞ்சுதான் சுத்தணும்."

"அவசரத்துல எண்ணல."

"சூடேற நேரமாகும்."

"ஆகட்டும். அவ்வளவு நேரம் எங்கயும் போகாம உக்காந்திருங்க."

பக்கத்து லாரியிலிருந்து யேசுதாசன் எட்டிப் பார்த்தான். "அண்ணிக்கு டாக்டர் பட்டம் குடுங்கலா!"

"உனக்கு வேற ஒன்னு குடுக்கப் போறேன், இரு," என்றாள் அவள்.

உடையப்பன் அழுத்தினான். இழுத்தான். கண்ணை மூடினான். புகை மெதுவாக வெளியே வந்தது. தோள் இறங்கியது. மூக்கைச் சுருக்கினான்.

"என்னங்க? சரியில்லையா?"

"புளி வாசம் வருது."

"பொய்."

"லேசா. ரசம் மாதிரி."

அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு அவன் விரலிலிருந்த ரோக்கோக்கை எடுத்தாள்.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

அவன் மறுபடி ஒரு முறை இழுத்தான்.

"நீ அதை விளக்கு பக்கத்துல வச்சிருந்தே," என்றான். "எப்படிச் சொல்ல?"

அவள் ரோக்கோக்கை யேசுதாசனின் சட்டைப் பையில் திருப்பிச் செருகினாள். லைட்டரையும் கொடுத்தாள். லாரி வாசலைத் தாண்டும் வரை நின்றாள். வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் புள்ளி வைத்தாள். தட்டில் இன்னும் மூன்று திரிகள் பளபளத்துக்கொண்டிருந்தன.

இடுக்கியை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.