ஐந்தரை அடி பட்ஜெட்

என் அண்ணன் ஞானவேல் ஒரு காலைத் தூக்கியபடி பாலத்தின் மேல் நின்று இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.

பாலம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிறது. அவன் பாதி தூரம் கடந்தபோது கம்ப்யூட்டர் புகைந்து அணைந்துவிட்டது. தூக்கிய காலை இறக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் அவன் நாற்காலி காலியாக இருந்தது. செருப்பு மட்டும் மேசைக்கு அடியில் கிடந்தது.

பன்னிரண்டு நாள் ஒரே பாலத்தில் நிற்பவரைப் பாலத்தின் பகுதியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் வார்டு அலுவலக விதி. இன்று மாலை ஐந்து மணிக்கு அலுவலர் வருவார். கையில் சாம்பல் நிறப் பெயிண்ட் கொண்டு வருவார். அதன் பிறகு என் அண்ணன் ஒரு கைப்பிடிச் சுவர்.

எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவனைக் கைப்பிடிச் சுவராக விட எனக்கு மனமில்லை. புதிய கம்ப்யூட்டர் ஒன்றை நானே சேர்த்துப் பூட்டுவது என்று முடிவு செய்தேன்.

காலை பத்து மணிக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, ஹேண்ட்பேக்கில் வைத்தேன். அண்ணன் அதற்குள்தான் இருந்தான். காதில் வைத்தால் பேசுவான்.

"பாப்பா, காலு மரத்துப் போச்சு."

"இன்னைக்கு இறக்கிடலாம்ணே."

"புதுசு வாங்கறதுதான் வாங்கற, லைட் எரியற கேபினட்டா வாங்கு. நாலு ஃபேன் இருக்கணும். கலர் மாறிக்கிட்டே இருக்கணும்."

"மொதல்ல கால இறக்கு. அப்புறம் கலர் மாத்தலாம்."

போன முறை அவன் பேச்சைக் கேட்டதால்தான் இந்த நிலை. கேபினட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார்கள். சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. இலவசம் என்றதும் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வாங்கி வந்தான். பாலத்தின் நடுவில் அது கையை விரித்துவிட்டது.

இந்த முறை நான்தான் தேர்வு செய்வேன். பதினாறு வருடமாக மேட்சிங் சென்டரில் வேலை செய்கிறேன். புடவைக்கு ப்ளவுஸ், ப்ளவுஸுக்கு லைனிங், லைனிங்குக்கு நூல். மெரூனில் மட்டும் நாற்பது வகை எனக்குத் தெரியும். எது எதோடு சேராது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பட்ஜெட் வாசலில் காத்திருந்தார். எங்கள் வார்டில் பட்ஜெட்டை ஆளாகத்தான் அனுப்புவார்கள். எனக்கு வந்தவர் பெயர் கோதண்டபாணி. ஐந்தரை அடி உயரம். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. நான் எதை வாங்கினாலும் அதன் விலை அளவுக்கு அவர் உயரம் குறையும்.

"ஒரு சாணுக்குக் கீழ போனா நான் இருக்க மாட்டேம்மா," என்றார். "வாங்கினதெல்லாம் கடைக்கே திரும்பிப் போயிடும்."

"தெரியும் சார்."

"என் மச்சானும் பட்ஜெட்தான். ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினாங்க. சட்டை மட்டும் திரும்பி வந்துச்சு."

"நான் பாத்துக்கறேன் சார். வாங்க."

ஓட்டேரியிலிருந்து, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஆட்டோவில் போனோம். அங்கே ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், வராந்தாவை ஒட்டி ஏழு கடைகள். ஏழாவது கடையைத் தாண்டினால் மறுபடி முதல் கடை வந்தது. வராந்தா நேராகத்தான் இருந்தது. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் கடை இம்தியாஸ் பாயுடையது. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"என்ன கேம் ஆடணும் மேடம்?"

"ஆட வேணாம் பாய். ஒரு கால இறக்கணும்."

"வலது காலா, இடது காலா?"

"வலது."

"அப்ப கிராபிக்ஸ் கார்டு வேணும்."

"இடதா இருந்தா?"

"அதுக்கும் வேணும்."

அவர் வரிசையாக எழுதிக் கூட்டினார். கொட்டேஷன் ஒன்பது அடி வந்தது.

"நான் ஒருத்தன்தான்மா வந்திருக்கேன்," என்றார் கோதண்டபாணி.

கிராபிக்ஸ் கார்டு கண்ணாடி அலமாரிக்குள் தனி ஏசியில் உட்கார்ந்திருந்தது. தனக்குத்தானே மூன்று ஃபேன் வீசிக்கொண்டிருந்தது. எங்களை மேலும் கீழும் பார்த்தது. என்னைப் பெண் பார்க்க வந்து, காப்பி குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஞாபகம் எனக்கு வந்தது.

"இவர் வேணாம்," என்றேன். "படம் காட்டற வேலையையும் தானே பாத்துக்கற ப்ராசஸர் இருக்குல்ல? அத எடுங்க."

பாய் பேனாவை நிறுத்தினார். "மேடம் விவரமானவங்க."

"அப்புறம் அதுக்கேத்த மதர்போர்டு. ரெண்டையும் வெயில்ல பாக்கணும்."

துணிக்கடையில் டியூப் லைட்டை நம்பி யாரும் மேட்சிங் எடுக்க மாட்டார்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். நானும் ப்ராசஸரை ஒரு கையிலும் மதர்போர்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். முதல் ஜோடி டியூப் லைட்டில் பொருந்தியது, வெயிலில் பொருந்தவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மதர்போர்டு வெயில் பட்டதும் மெதுவாகத் தலையாட்டியது. அதை எடுத்துக்கொண்டேன்.

"ரேம் பதினாறு ஜிபி ஒண்ணா, எட்டு எட்டா ரெண்டா?"

"ரெண்டு. ஜோடியா போட்டாதான் வேகம் வரும்."

"அதுவும் சரிதான். இதுங்களப் பிரிச்சா ஒண்ணு அழும்," என்று ஒரே அட்டையில் அருகருகே படுத்திருந்த இரண்டை எடுத்து வைத்தார். "லைட் எரியற கேபினட் எடுத்தா எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீ."

ஹேண்ட்பேக்கிலிருந்து சத்தம் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஃப்ரீயாம் பாப்பா."

"அண்ணே, நீ நிக்கறதே அந்த ஃப்ரீயாலதான்."

அவனைத் திரும்ப ஹேண்ட்பேக்கில் வைத்தேன். இலவசப் பெட்டியைக் கையில் வாங்கினேன். விட்டதும் அது மிதந்து கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. விலை போட்ட பெட்டியைத் தூக்கினேன். தோள்பட்டை இறங்கியது. அதுதான் வேண்டும் என்றேன். கேபினட்டில் விளக்கே இல்லாத கறுப்பு ஒன்றைக் காட்டினேன். பாய் எல்லாவற்றையும் அடித்துத் திருத்தி மறுபடி கூட்டினார். ஆறே முக்கால் அடி.

"ஒன்னேகால் அடி பத்தலம்மா," என்றார் கோதண்டபாணி. குரல் உள்ளே போயிருந்தது.

நான் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போனேன். ரிச்சி தெருவின் வழக்கம் எனக்குத் தெரியும். ஒரு கடையின் கொட்டேஷனை அடுத்த கடையில் காட்டினால், அவர் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்த பிறகு குறைக்க வேண்டும்.

இரண்டாவது கடைக்காரர் சிரித்தார். "யாரு போட்டா?"

"மொதல் கடை."

"பாய் நல்லவருதான்," என்று வருத்தத்தோடு சொல்லி, ஓர் அங்குலம் குறைத்து எழுதினார். மூன்றாவது கடைக்காரர் இரண்டாவது கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இப்படி ஏழாவது கடை வரை சிரிப்பு போனது. ஏழாவது கடையைத் தாண்டினேன். முதல் கடை வந்தது. சீட்டை இம்தியாஸ் பாயிடம் நீட்டினேன். அவர் சிரித்தார்.

"யாரு மேடம் இத போட்டது?"

"மேல இருக்கறது நீங்க போட்டது பாய்."

"அதான் பார்த்தேன். ரொம்ப அதிகம். நான் கம்மியா தர்றேன்."

எனக்கு உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி ஓடியது. பதினாறு வருடம் கவுண்டருக்கு உள்ளே நின்று பேரம் கேட்டவள் நான். முதல் முறையாக வெளியே நிற்கிறேன். இது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுபடி சுற்றினேன். ஆனால் விலை குறையக் குறைய வராந்தா நீண்டது. முதல் சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவதற்கு ஒரு மணி நேரம். மூன்றாவது சுற்றில் நான்காவது கடைக்கும் ஐந்தாவது கடைக்கும் நடுவில் பஸ் ஸ்டாப் இருந்தது. பஸ் ஏறித்தான் போனோம். கோதண்டபாணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டார். முதல் கடைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. சீட்டு என் முழங்கால் வரை தொங்கியது. பாய் சிரித்துவிட்டு எழுதிய தொகை நாலே முக்கால் அடி.

"இன்னொரு சுத்து போனா மூணடிக்கு வந்துடும்மா," என்றார் கோதண்டபாணி. அவர் கண் பளபளத்தது.

"லைட்டும் சேத்துக்கலாம் பாப்பா," என்றான் அண்ணன்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஏழாவது கடை கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஏற்கெனவே மழை பெய்துகொண்டிருந்தது.

"போதும். பில் போடுங்க பாய்."

கோதண்டபாணி குறையத் தொடங்கினார். சட்டையும் கூடவே குறைந்தது. அது நல்ல சட்டை. கவுண்டரின் மேல் அவரை நிறுத்தி, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரித்து அளந்தேன். தலைக்கு மேல் விரல் போகவில்லை. ஒரு நூல் அவர் மிஞ்சினார்.

"யாரோட சாண் கணக்கு?" என்று பாய் கேட்டார்.

"வாங்கறவங்களோடது," என்றார் கோதண்டபாணி கீழேயிருந்து. என் கை சின்னக் கை. பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கேலி செய்திருக்கிறார்கள்.

திரும்பும்போது அவரை மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் ஒரு ஆளுக்குத்தான் காசு வாங்கினார்.

வீட்டில் வார்டு அலுவலர் அமலோற்பவம் மேடம் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பெயிண்ட் டப்பா. மடியில் படிவம். மணி நாலு இருபது.

"உங்க அண்ணன் எத்தன அடி? ஒரு லிட்டர் போதுமா?"

"பெயிண்ட் தேவைப்படாது மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தார்.

தரையில் உட்கார்ந்து பூட்டினேன். ப்ராசஸரை அதன் மூலைக்குறி பார்த்து வைத்தேன். அது தானாக உட்கார்ந்தது. அதன் தலைமேல் ஃபேன். பிறகு ரேம் இரண்டு. கனமான எஸ்.எம்.பி.எஸ். கடைசியாக அண்ணன். அவனைக் கேபினட்டின் அடித்தட்டில் திருகினேன். பழைய மானிட்டரைச் சொருகி, பட்டனை அழுத்தினேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

காத்திருந்தேன். திரை கறுப்பு. மணி நாலே முக்கால். அமலோற்பவம் மேடம் கரண்டிக் காம்பால் பெயிண்ட் மூடியை நெம்பினார். வாடை வீடு முழுக்க வந்தது. எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் வெயிலில் பார்த்து எடுத்தேனே, எது சேரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்துதான் இருந்தன. ரேம் மட்டும் ஒரு மயிரிழை தூக்கி நின்றது.

தப்பு என் கையில்தான். உடைந்துவிடும் என்று பயந்து, பூத்தொடுப்பது போல் வைத்திருக்கிறேன். முதன்முதலில் பூட்டுகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்களாம்.

பட்டனை அணைத்தேன்.

"நான் பாக்கறேம்மா," என்று கோதண்டபாணி மதர்போர்டில் இறங்கினார். ரேமின் மேல் ஏறி மூன்று முறை குதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. "மிச்சம் இவ்ளோதான்மா அமுக்கும்," என்றார்.

அவரைத் தூக்கி ஓரமாக வைத்தேன். இரண்டு கட்டைவிரலையும் ரேமின் இரு முனையிலும் வைத்தேன். பன்னிரண்டு நாளையும் சேர்த்து அழுத்தினேன்.

டக்.

அடுத்தது. டக்.

ப்ளவுஸ் கொக்கி சரியாக மாட்டினால் வரும் சத்தம் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பட்டனைப் போட்டேன்.

திரையில் பாலம் வந்தது. நடுவில் அண்ணன், வலது காலைத் தூக்கியபடி. முட்டியின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அமலோற்பவம் மேடம் பிரஷ்ஷோடு எழுந்து திரையருகே வந்தார். நான் முன்னால் போகும் அம்புக்குறியை அழுத்தினேன்.

புறா பறந்தது. அண்ணன் காலை இறக்கினான்.

பிறகு இடது காலை எடுத்து வைத்தான். பிறகு வலது. ஒரு இடத்திலும் திணறவில்லை, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதுகூடத் தெரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கோதண்டபாணி கைதட்டினார். அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அமலோற்பவம் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்தெட்டு. படிவத்தில் 'நடக்கிறாரா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினார். டப்பா மூடியைக் கையால் குத்தி மூடினார்.

"இத யாரு அசெம்பிள் பண்ணது?"

"நான்தான்."

"அதையும் எழுதணும்," என்று எழுதிக்கொண்டார்.

கேபினட்டில் கிராபிக்ஸ் கார்டுக்கான இடம் காலியாக இருந்தது. கோதண்டபாணி அதைத் தட்டிப் பார்த்தார். "நான் மறுபடி வளர்ற வரைக்கும் இங்க உக்காரலாமாம்மா? காத்து நல்லா வருது."

"உக்காருங்க சார்."

திரையில் அண்ணன் பாலத்தின் மறுமுனைக்கு வந்துவிட்டான். அங்கே பச்சை நிறக் கதவு ஒன்று இருந்தது. அதில் எங்கள் வீட்டு எண் இருந்தது. அழைப்பு மணி அடித்தது.

ஓடிப்போய்த் திறந்தேன். அண்ணன் நின்றிருந்தான். தோளில் புறா இறகு ஒன்று. வாசற்படியைத் தாண்ட வலது காலைத் தூக்கியவன், பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டான். என்னைத் தாண்டி மேசையை எட்டிப் பார்த்தான்.

"லைட்டே எரியலயே பாப்பா."

"எரியாது."

கால் அந்தரத்தில் லேசாக ஆடியது.

"நீயா பூட்டின?"

"நானேதான். உள்ள வைண்ணே."

வைத்தான்.