அலசிய போத்தல்

சளி துப்பக் கொடுத்த போத்தலைத் தோட்டத்து லய வீடுகளின் பொதுத் தொட்டித் தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுத்தான் அம்சவள்ளி புருஷன் கார்த்திகேசுவிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரிச் சாமான், யார் கைபட்டதோ!

காசநோய் என்று முடிவு வந்தது. கார்த்திகேசு மாத்திரை விழுங்கி விழுங்கிக் குமட்டினான். மாத்திரைச் சாயத்தில் மூத்திரம் சிவப்பாகப் போனது. தொட்டியடியில் பக்கத்து வீட்டு இராஜம்மா அம்சவள்ளியின் குடத்தைக் காலால் தள்ளினாள். "அப்பால வைடி! சீக்கு எங்க தண்ணியில ஒட்டிக்கப் போவுது."

இரண்டு மாதம் கழித்து, அந்தச் சளியிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவோடு டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"இது காசநோய்க் கிருமி இல்லக்கா. அதோட சொந்தக்காரக் கிருமி, தண்ணியில கிடக்கும். போத்தல்ல தண்ணி பட்டுச்சா?"

"கழுவாம எப்படி டாக்டர் குடுக்கிறது?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கழுவாத போத்தலில் மூன்று நாள் சளி எடுத்து அனுப்பினார்கள். வளர்த்துப் பார்த்ததில் எந்தக் கிருமியும் இல்லை. நெஞ்சுப் படமும் சுத்தம். வெறும் பீடி இருமல். மாத்திரையை நிறுத்தினார்கள்.

அன்று மாலைதான் அம்சவள்ளி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரெல்லாம் பச்சைப் பாசி. குழாய் வாயில் மூக்குச்சளி போல ஏதோ வழவழவென்று தொங்கியது. தண்ணிக்கு வந்து, அவளைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திய இராஜம்மா, அதை விலக்கித் தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று குடித்தாள்.

அம்சவள்ளி அந்தச் சொம்பைக் காட்டினாள்.

"அந்தக் கிருமி என் புருஷன் நெஞ்சுல இல்லக்கா," என்றாள். "இப்பக் குடிச்சியே, அதுல இருந்துச்சு."