மறைந்து காய்த்த பட்டாணி

ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடிக் கூடத்தில், பூக்கும் பருவம் வந்ததும், பட்டாணிச் செடிகளில் கால்வாசி கண்ணுக்குத் தெரியாமல் போயின. சாகவில்லை. தொட்டால் கொடி விரலைச் சுற்றியது, காயும் கையில் தட்டுப்பட்டது. இயக்குநர் இதை நிலையத்தின் சாதனையென அறிவித்து, காலித் தொட்டிகளோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

காரணம் தெரிந்தவள் அங்கே மகரந்தம் சேர்க்கும் ஆராய்ச்சியாளர் ஒருத்திதான். மொட்டு விரியுமுன் அதன் ஆண் பாகத்தை இடுக்கியால் கிள்ளியெடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, உறை மாட்டுவது அவள் வேலை. மொட்டைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டுமென்பதால் தூரிகையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அந்த வழியாக அவள் பரம்பரை பூவுக்குள் போய்விட்டது. பிறந்த செடிகள் அவளையே உரித்து வைத்திருந்தன. இயக்குநர் பேச ஆரம்பித்தால் இலையை மூடிக்கொண்டன.

அவள் அண்ணன் நாற்பது வயதில், போட்ட சட்டையோடு மறைந்துபோனவர். தபால் அலுவலகத்தில் இன்னும் முத்திரை குத்துகிறார். மேலதிகாரிகள் வெகுநாள் கவனிக்கவேயில்லை. அண்ணிதான் அவர் கழுத்தில் மணி கட்டினாள். "இல்லாட்டி மனுஷன் எந்த ரூம்ல இருக்காருன்னே தெரியமாட்டேங்குது."

ஆராய்ச்சியாளருக்கு முப்பத்தெட்டு நடந்தது, பள்ளிக்குப் போகும் ஒரே மகள் இருந்தாள். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் தன் உருவம் மங்குகிறதா என்று தேடினாள். மனிதர்களை வைத்துப் பரம்பரையைப் படிக்க முடியாது: ஆளாக இருபது வருடம், பிள்ளை ஒன்றோ இரண்டோ, சொன்னவரோடு சேரவும் மாட்டார்கள். பட்டாணிக்கு ஒரு பருவத்தில் ஒரு தலைமுறை, காய்க்குக் காய் பிள்ளைகள். துணையில்லாவிட்டால் தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். எதிர்த்துப் பேசாது, இயக்குநருக்குப் பிடித்த குணம் இதுதான்.

முதலில் அவள் சாயலில் பிறந்த செடிகள் பூத்தும் மறையவில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அவை தம் பூவுக்குள்ளேயே கருவுற்றுப் பெற்ற பிள்ளைகளில்தான் கால்வாசி மறைந்தன. ஆக, அவள் மறையமாட்டாள்; மறைவு அவளுக்குள் பதுங்கியிருக்கிறது. கணவனுக்குள்ளும் பதுங்கியிருந்தால் மகள் கதி?

"வாயைத் திறங்க. இந்த பிரஷ்ஷைக் கடிங்க."

"எதுக்குடி?"

"கடிங்கன்னா கடிங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே கடிக்க வச்சிருக்கணும்."

அவன் கடித்த தூரிகையால் தன் சாயல் செடிகளின் பூக்களைத் தடவிவிட்டு, ஒரு பருவம் முழுக்க நகம் கடித்தாள். முளைத்தவை மகளின் ஜாடையில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றன. பூத்த வாரத்தில் அவற்றில் கால்வாசியைக் காணோம்.

"நாலுல ஒண்ணுதானே, விடு," என்றான் கணவன். "மூணு பங்கு நம்ம பக்கம்."

"செடிக்கு நூறு பிள்ளைங்க. நமக்கு இருக்கிறது ஒருத்திதாங்க."

இயக்குநர் விருது வாங்கி, ஓய்வு பெற்று, யார் கண்ணிலும் படாமல் போனார், அது பரம்பரையல்ல. அவளோ வருடாவருடம் தலைவாரும் சாக்கில் மகளை விளக்குக்கு நேரே நிறுத்தி, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்தாள். மகள் வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், "என்னம்மா அப்படிப் பாக்குறே?" என்று சலித்துக்கொண்டாள்.

மகளுக்கு நாற்பது முடிந்த மறுநாள் காலை, மேஜையருகே நாற்காலி தானாக நகர்ந்தது.

"அம்மா, காபியில சர்க்கரையே இல்ல."

நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது. தாய் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, குரல் வந்த பக்கம் கோப்பையை நகர்த்தினாள்.

"சூடா இருக்கு, மெதுவா குடி."

அண்ணியிடம் மணி எந்தக் கடையில் வாங்கினாள் என்று கேட்க வேண்டும்.